அழையாத் துணை: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தான் விரும்பித் தேடிக்கொண்ட உறவுகளுக்கு மட்டுமே கடமைப்பட்டவனா, அன்றித் தன்னைத் தேடி வந்த உறவுகளுக்கும் கடமைப்பட்டவனா என்னும் வினா அறவியலின் பழைமையான வினாக்களுள் ஒன்றாகும். வாக்குறுதி, ஒப்பந்தம், இரத்த உறவு, ஊதியம் என்பனவற்றின் வழியே பிறக்கும் கடமைகளை எவரும் எளிதில் ஏற்றுக்கொள்வர். ஆனால், அழைக்கப்படாமல் வந்து, எதனையும் கேளாமல் உடன் நடந்து, வழியின் முடிவில் முகம் பார்த்து நிற்கும் ஓர் உயிருக்கு மனிதன் என்ன கடன்பட்டிருக்கின்றான் என்பதற்கு அத்துணை எளிதில் விடை காண இயலாது. பெரிய நூல்களிற் பெரிய பெயர்களோடு பேசப்படும் இவ்வினா, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்பாதை ஒன்றில், சாதாரணமான ஒரு வேலைநாளில், ஒரு நாயின் வடிவில் எதிர்ப்படவுங் கூடும்.

பின்வரும் நிகழ்ச்சியை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நண்பர் இருவர், ஒருவர் ஆசிரியர், மற்றவர் கந்தோர் ஒன்றிற் பணிபுரிபவர், பள்ளி நாள் தொட்டுப் பழகியவர்கள். ஒரு புதன்கிழமை இருவரும் லீவு எடுத்துக்கொண்டு, வடமராட்சியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலிலிருந்து மணற்காடு வரை நடந்து செல்வதென முடிவு செய்கின்றனர். மலையென்று சொல்ல ஒன்றுமில்லாத குடாநாட்டில் ஏறி இறங்கி நடப்பதற்கு வாய்த்தவை கிழக்குக் கரையோரத்து மணற்குன்றுகளே. ஞாயிற்றுக்கிழமைகளில் அடியார் கூட்டம் நிறைந்திருக்கும் கோயில் வீதி அன்று வெறிச்சோடிக் கிடக்கின்றது. தேர்முட்டி நிழலிற் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து, உடலை நீட்டி நெளித்துவிட்டு, அவர்களுக்குப் பின்னே வரத் தொடங்குகின்றது. அவர்கள் அதனைக் கூப்பிடவுமில்லை, துரத்தவுமில்லை.

வடலிகளையும் சவுக்குத் தோப்பையுங் கடந்து, மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு வரை அந்நாய் அவர்களோடு செல்கின்றது. சில வேளைகளில் முன்னே ஓடித் திரும்பிப் பார்த்து நிற்கின்றது. சில வேளைகளிற் பின்தங்கி மணலை முகர்ந்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொள்கின்றது. நண்பர்கள் பழைய கதைகள் பேசுகின்றனர். நெடுநேரம் பேசாமலும் நடக்கின்றனர். நண்பகலில் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோது அதற்கும் ஒரு பங்கு வைக்கப்படுகின்றது. மாலையில் அவர்கள் வந்த வழியே திரும்பாமல், களைப்பு மிகுதியால் வீதிக்கு ஏறிப் பருத்தித்துறைக்குச் செல்லும் பஸ் வண்டியை மறித்து ஏறிவிடுகின்றனர். நாய் வீதியோரத்தில் நிற்கின்றது. வண்டி நகர்ந்ததும் சிறிது தூரம் ஓடி வருகின்றது, பின்னர் நின்றுவிடுகின்றது.

“நாங்கள் கூப்பிட்டு வந்ததில்லையே, மச்சான்” என்கின்றார் ஒருவர். மற்றவர் விடை கூறவில்லை. அந்த வாக்கியம் ஒரு வாதமாகும். அது சரியான வாதந்தானா என்பதை ஆராய்வதே இங்கு நோக்கம்.

ஓய்வும் நட்பும்

முதலிற் கவனிக்கத்தக்கது, இந்நடை ஒரு வேலைநாளில் நிகழ்ந்தது என்பதாகும். யாழ்ப்பாணச் சமூகத்தில் நடை என்பது பெரும்பாலும் ஒரு பயனை முன்னிட்டதாகவே இருந்து வந்துள்ளது. தோட்டத்திற்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் கோயிலுக்கும் மக்கள் நடந்தனர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை வாரக் கணக்கிற் செல்லும் பாதயாத்திரையும், நெடியதாயினும், ஒரு நோக்கமுடைய நடையே. நோக்கமின்றி நடப்பவனை ஊர் சுற்றுபவன் என்று சொல்லும் வழக்கம் இன்றும் மறையவில்லை. கடும் உழைப்பினாற் சுண்ணக்கல் நிலத்தைத் தோட்டமாக்கிய ஒரு சமூகம் வீண் பொழுதை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை.

எனினும், உழைப்பையே வாழ்வின் முடிவாகக் கொள்ளாத சிந்தனை மரபுகளும் உள. ஓய்வைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்தே ஐரோப்பிய மொழிகளிற் பள்ளிக்கூடத்தைக் குறிக்குஞ் சொற்கள் பல பிறந்தன. ஓய்வு என்பது உழைப்புக்கு இடையில் இளைப்பாறுதல் மட்டுமன்று, மனிதன் தனக்கே உரியவற்றைச் செய்யும் வேளையும் அதுவே என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்தாகும். அவர் தம் ஒழுக்கவியல் நூலில் நட்பை மூவகைப்படுத்தினார். பயன் கருதிய நட்பு, இன்பங் கருதிய நட்பு, ஒருவர் மற்றவரை அவர்தம் இயல்புக்காகவே விரும்பும் நட்பு என்பன அவை. எதனையும் சாதிக்க வேண்டாத ஒரு புதன்கிழமையில் இருவர் சேர்ந்து நடத்தல் மூன்றாவது வகைக்கு நல்ல சான்றாகும். அங்கே ஒருவர் மற்றவருக்குச் செய்வது உடன் இருத்தல் ஒன்றே.

இவ்விடத்தில் ஒரு சங்கடம் எழுகின்றது. உடன் இருத்தலே நட்பின் உயர்ந்த நிலையாயின், அன்று உடன் வந்த நாயை அந்நட்பின் வட்டத்திற்கு வெளியே நிறுத்துவது எவ்வாறு? உணவை எதிர்பார்த்தே அது வந்தது எனலாம். ஆயின் காலை முழுவதும் ஒருவரும் அதற்கு எதனையும் கொடுக்கவில்லை. கொடுப்பர் என்பதற்கு அடையாளமும் இல்லை. அது நண்பகல் வரை நடந்தது. அரிஸ்ரோட்டிலோ குதிரையோடும் எருதோடும் மனிதனுக்கு நட்பு இயலாது என்கின்றார். இரு திறத்தாருக்கும் பொதுவானது எதுவுமில்லை என்பது அவர் காட்டுங் காரணம். அதே இடத்தில், அடிமையோடும் அடிமை என்ற அளவில் நட்பு இயலாது என அவர் கூறுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. பொதுவானது எதுவுமில்லை என்று சொல்லி எல்லைக் கோடு வரைந்தவர்கள், காலந்தோறும் அக்கோட்டின் இப்புறத்தே மனிதருட் பலரையும் விட்டுவிட மறந்தனர் என்பதை வரலாறு காட்டுகின்றது.

தமிழ் மரபில் நாய்

தமிழ் அறநூல்கள் நட்பிற்கு அளித்த இடம் பெரிது. திருக்குறள் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை இப்பொருளுக்கென ஒதுக்கியுள்ளது. கோப்பெருஞ்சோழனை ஒருமுறையேனுங் காணாத பிசிராந்தையார், அவன் வடக்கிருந்தமை அறிந்து பாண்டி நாட்டிலிருந்து வந்து அவனோடு உயிர் துறந்த செய்தியைப் புறநானூறு பேணி வைத்துள்ளது. அதுவும் ஓர் அழையா வருகையே. நாலடியார், யானையைப் போன்றவரின் நட்பை நீக்கி நாயைப் போன்றவரின் நட்பைக் கொள்ளுமாறு கூறுகின்றது. பல காலம் பழகியும் யானை பாகனையே கொல்லும். எறிந்த வேல் உடலில் நிற்கவும் நாய் எறிந்தவனைக் கண்டு வாலை ஆட்டும் என்பது அதன் விளக்கம். அவ்வுவமையில் நாய் புகழப்படுகின்றது என்பதை எல்லோரும் கவனிப்பர். வேலை எறிந்தவன் செய்தது சரியா என்ற வினாவோ அங்கு எழுப்பப்படவில்லை.

சைவ மரபிலும் இவ்வாறான இரட்டை நிலையே காணப்படுகின்றது. மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்றும் நாயடியேன் என்றும் பலவிடத்துங் கூறிக்கொள்வார். தாழ்மையின் எல்லையைக் காட்ட அவருக்குக் கிடைத்த உருவம் அது. மறுபுறத்தில், வைரவக் கடவுளின் ஊர்தி நாய். யாழ்ப்பாணத்துக் குறிச்சிகளில் மரத்தடியில் ஒரு சூலமாக நிற்கும் வைரவருக்கு விளக்கேற்றாத அயல்கள் குறைவு. அவ்வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டுத் திரும்புபவரின் கையே, படலையடியில் நிற்கும் நாயின் மீது கல்லெறியவும் உயர்கின்றது. குறியீடாகிய நாய்க்கு வழிபாடும், உயிருள்ள நாய்க்குக் கல்லும் என்னும் இம்முரண்பாடு பொய்யொழுக்கம் என்று இலகுவில் ஒதுக்கக்கூடியதன்று. குறியீட்டை வணங்குவதாற் கடமை எதுவும் பிறப்பதில்லை. உயிருள்ள ஒன்றை ஏற்றுக்கொள்வதாற் கடமை பிறக்கின்றது. எனவே முன்னையது எளிது, பின்னையது கடினம்.

இக்கடினத்தை ஏற்றுக்கொண்டமைக்கும் தமிழகத்திற் சான்றுண்டு. திருவண்ணாமலைப் பகுதியில் செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் காலத்தில் எழுப்பப்பட்ட நடுகல் ஒன்றுள்ளது. போரிட்டு இறந்த வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வரோடு பொருது காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையுங் கல்வெட்டுக் கூறுகின்றது. மாந்தர் எத்தனையோ பேரின் பெயர்கள் மறைந்துபோன காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் எஞ்சியுள்ளது. ஆயினும், அங்கு நாய் தன் தொண்டினால் நினைவைப் பெற்றது. மணற்காட்டு நாயோ எவரையும் காக்கவில்லை. உடன் நடந்தது மட்டுமே. தொண்டு எதுவுஞ் செய்யாத உயிருக்கும் கடமை உண்டா என்பதே எஞ்சி நிற்கும் வினாவாகும்.

தருமன் கூறிய விடை

இவ்வினாவை நேராக எதிர்கொண்ட பழைய கதை மகாபாரதத்தின் பதினேழாம் பருவமாகிய மகாபிரஸ்தானிக பருவத்தில் உள்ளது. வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு, போரின் முடிவோடு நிறைவுறுவதால், அந்நூலை மட்டுங் கற்றவர் இக்கதையைச் சந்திப்பதில்லை. வெற்றி பெற்றவர்களின் இறுதி நடை அங்கே இடம்பெறவில்லை. வடமொழி மூலத்திலோ, அரசு துறந்து வடதிசை நோக்கி நடக்கும் பாண்டவர் ஐவருக்கும் திரௌபதிக்கும் பின்னே அத்தினாபுரியிலிருந்து ஒரு நாய் தொடர்கின்றது. அதனை அழைத்தவர் எவருமிலர். வழியில் ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் வீழ, இறுதியில் தருமனும் நாயும் எஞ்சுகின்றனர். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறுமாறு கூறுகின்றான். தருமன் மறுக்கின்றான்.

இக்கதையின் முடிவு, நாய் அறக்கடவுளே என்னும் உண்மை வெளிப்படுவதாகும். அம்முடிவிலும் தருமனின் வாதமே மெய்யியல் மாணவனுக்குப் பயனுடையது. மனைவியையும் தம்பியரையும் வழியில் விட்டு வந்த நீ நாயை விட ஏன் தயங்குகின்றாய் என இந்திரன் வினவுகின்றான். அவர்கள் இறந்துவிட்டனர், இறந்தவரை உயிர்ப்பிக்க இயலாது, உயிரோடு இருக்கையில் அவர்களைக் கைவிடவில்லை என்பது தருமன் விடை. தன்னை அன்போடு பற்றிநிற்கும் உயிரைக் கைவிடுதல் பெரும் பாவங்களுக்கு ஒப்பானது என்றும் அவன் கூறுகின்றான்.

இவ்விடையில் இரு கருத்துகள் அடங்கியுள. ஒன்று, கடமையின் ஊற்று அழைப்பன்று. ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சார்ந்து நிற்கும் நிலையே அதன் ஊற்று. தருமன் நாயை அழைத்ததாக எவ்விடத்தும் வாதிடவில்லை. அது பின்தொடர்ந்தது, அவன் அதனை மறுக்கவில்லை, அதனால் அது அவனைச் சார்ந்ததாயிற்று என்பதே அவன் நிலை. மற்றையது, இயலாமை கடமையை நிறுத்தும், வசதிக்குறைவு நிறுத்தாது. இறந்தவருக்கு எதுவுஞ் செய்ய இயலாது. உயிரோடு நிற்கும் நாய்க்கு இயலும். இயன்றும் செய்யாதிருப்பதற்கு விண்ணுலகமும் போதிய காரணமன்று. இவ்வளவுகோலை மணற்காட்டு நண்பர்களுக்குப் பொருத்தினால் அவர்கள் நிலை தளர்கின்றது. அவர்களை ஏற்ற வந்தது இந்திரன் தேரன்று. பருத்தித்துறை பஸ் வண்டிதான்.

நவீன சிந்தனையும் காந்தியின் கடிந்துரையும்

கடமைகள் ஒப்பந்தத்தாற் பிறக்கின்றன என்னும் கொள்கை தருமனின் வாதத்தை ஏற்காது. ஒப்பந்தஞ் செய்ய இயலாத உயிர் உரிமை கோரவும் இயலாது என்பது அதன் துணிபு. இம்மானுவேல் கான்ற் தம் அறவியல் விரிவுரைகளில் விலங்குகளுக்கான கடமைகளை மறைமுகக் கடமைகள் என்றார். நெடுநாள் உண்மையாகத் தொண்டு செய்த நாய் முதுமையடைந்தால், அதனைச் சாகும் வரை பேணுதல் தக்கதே. பேணாதவன் நாய்க்குத் தவறு செய்தவனாகான். தன்னுள் இருக்கும் மனிதத் தன்மைக்கு ஊறு செய்தவனாவான் என்பது அவர் விளக்கம். ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பொன்றில் வேறொரு அளவுகோலை முன்வைத்தார். விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்று கேளாமல் அது துன்புறுமா என்றே கேட்கவேண்டும் என்றார்.

இவ்விரு கொள்கைகளும் இங்கு முழு விடையைத் தரவில்லை. நாயின் துன்பம் மட்டுமே அளவுகோலாயின், குடாநாட்டில் அன்று பசித்திருந்த கட்டாக்காலி நாய்கள் அனைத்துக்கும் நண்பர்கள் சமமாகக் கடன்பட்டவராவர். உடன் நடந்த ஒன்றுக்கு மட்டும் தனிப்பட்ட கடன் எதுவுமில்லை. கான்ற் கூறியவாறு தன்னுள் இருக்கும் மனிதத் தன்மையே பொருளாயின், வீதியோரத்தில் நின்ற நாய் ஒரு பயிற்சிப் பொருளாகிவிடுகின்றது. பஸ்ஸில் விடை கூறாது இருந்த நண்பரின் உள்ளத்தை உறுத்தியது இவையிரண்டும் அல்ல. ‘அந்த’ நாய் தம்மை நம்பி வந்தது என்பதே அவரை உறுத்தியது.

இன்னொரு பக்கத்தில், உணவு வைத்த செயலையே குறைகூறும் கருத்தும் உண்டு. 1926இல் அகமதாபாத்தில் ஆலை முதலாளி ஒருவர் அறுபது நாய்களைக் கொல்வித்தபோது எழுந்த விவாதத்தில், காந்தியடிகள் ‘யங் இந்தியா’ இதழிற் பல கட்டுரைகள் எழுதினார். கொல்லாமையைத் தம் வாழ்வின் அடிப்படையாகக் கொண்ட அவர் அச்செயலைக் கண்டிக்க மறுத்தமை பலரை அதிர்ச்சியடையச் செய்தது. உரியவர் இல்லாத நாய்கள் தெருவில் அலைவது அச்சமூகத்தின் அக்கறையின்மைக்கு அடையாளம் என்றும், பொறுப்பை ஏற்காமல் ஒரு துண்டு உணவை எறிவது உண்மைக் கருணையாகாது என்றும் அவர் வாதிட்டார். அக்கருத்தை முழுவதும் ஏற்காதவரும் அதன் கூர்மையை மறுக்க இயலாது. விசர்நாய்க்கடியின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவதால் அந்நோயைத் தடுக்கலாம்; உரியவர் எவருமற்ற நாயை ஊசி போடும் இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டியவர் யார் என்பதே சிக்கல். காந்தியின் அளவுகோலின்படி மணற்காட்டு நண்பர்கள் இரட்டைத் தவறு செய்தவராவர். பொறுப்பேற்கவும் இல்லை, உறவின் இன்பத்தை மறுக்கவும் இல்லை.

அவ்வாறாயின் நண்பர்களுக்கு இருந்த வழிகள் இரண்டே போலத் தோன்றும். கோயில் வீதியிலேயே நாயைத் துரத்தியிருக்கலாம். அன்றேல் அதனை வீட்டுக்கே கொண்டு சென்றிருக்கலாம். முற்றான மறுப்பு, முற்றான பொறுப்பு என்னும் இவ்விரண்டிற்கும் இடையில் வேறொன்றும் இல்லையா?

வழியின் கடப்பாடு

யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளை நோக்கினால் இடைவழி ஒன்று இருந்தமை புலனாகும். பருத்தித்துறையில் வீதியின் இருமருங்கும் திண்ணைகளும் மேலே கூரையுமாக அமைந்த தெருமூடிமடம் இன்றும் நிற்கின்றது. வெயிலில் வந்தவன் அதனூடாகச் செல்லும்போது சிறிது நிழல் பெறுவான், விரும்பினால் அமர்வான், எழுந்து செல்வான். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் சுமைதாங்கிக் கற்கள் நாட்டப்பட்டன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கமும் இருந்தது. கால்நடைகளுக்கெனக் கேணிகளும் தண்ணீர்த்தொட்டிகளும் கட்டப்பட்டன. அருகே, தினவெடுத்த மாடு உடலைத் தேய்த்துக்கொள்வதற்கு ஆவுரஞ்சிக் கல்லும் நிறுத்தப்பட்டது.

இவற்றைக் கட்டுவித்தவர்கள் வழிப்போக்கரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று வாழ்நாள் முழுவதும் பேணவில்லை. கண்டுங் காணாமலும் விடவில்லை. யாருடைய மாடு என்று கேளாமலே அதன் தினவுக்கு ஒரு கல்லை நாட்டினர். வழியில் எதிர்ப்படும் உயிருக்கு வழியளவான கடமை உண்டு, அக்கடமை எல்லையுடையது, ஆயினும் உண்மையானது என்னும் கருத்து அக்கற்களில் அமைந்துள்ளது. இதனை ‘வழியின் கடப்பாடு’ எனக் குறிப்பிடலாம். அச்சமூகம் சாதியின் பெயரால் மனிதர் பலருக்கு இத்தகைய பொது இடங்களை மறுத்தது என்பதையும் மறத்தலாகாது. ஆவுக்குக் கல் நாட்டிய கைகளே மனிதனுக்குக் கிணற்றை மறித்தன. ஒரு கருத்து அதனைக் கண்டடைந்தவர்களின் நடைமுறையிலும் பெரியதாக இருத்தல் கூடும்; பிற்காலத்தவர் அதனை விரித்து ஏற்றுக்கொள்வதே முறையாகும்.

இக்கருத்தின்படி நண்பர்கள் செய்திருக்க வேண்டியது யாது? நாயை வீட்டுக்குக் கொண்டு செல்லுமாறு வழியின் கடப்பாடு அவர்களைப் பணிக்கவில்லை. அந்நாய்க்கு ஓர் இடம் இருந்தது. கோயில் வீதியும், தேர்முட்டி நிழலும், ஞாயிறுதோறும் வரும் அடியாரின் சோறும் அதற்கு உரியவை. ஒரு வீட்டுக்கு உரிமையாகாமல் ஒரு வீதிக்கு உரியதாய் வாழும் நாயின் பொறுப்பு ஊராரிடையே பகிரப்பட்டுள்ளது; தடுப்பூசிப் பொறுப்பும் அவ்வாறு பகிரப்பட வேண்டியதே. நண்பர்கள் அந்நாயை அதன் இடத்திலிருந்து, தாம் அறிந்தே, மறுக்காமல், மைல் கணக்கில் நடத்திச் சென்றனர். ஆகவே அவர்கள் கடன் மிக எளியது: அது சேர்ந்துகொண்ட இடத்தில் அதனைக் கொண்டுபோய் விடுதல். வந்த வழியே திரும்பி நடந்திருந்தால் அக்கடன் தானாகவே தீர்ந்திருக்கும்.

நடை வேலைநாளில் நிகழ்ந்ததன் பொருளும் இங்கு தெளிவாகின்றது. ஞாயிற்றுக்கிழமையாயின் நாய் நூறு பேருள் எவரையும் தொடர்ந்திருக்கலாம். ஒருவர் விட்டதை மற்றொருவர் பார்த்துக்கொள்வர் என்று நினைக்க இடமிருக்கும். புதன்கிழமையில் அவ்வீதியிலும் அம்மணலிலும் அவர்கள் இருவரே. பலர் இருக்குமிடத்தில் நூறாகப் பிளவுபடும் கடமை, வேறெவரும் இல்லாத இடத்தில் முழுதாக வந்து நிற்கின்றது. தனிமையான வழியை நாடிச் சென்றவர் அத்தனிமையோடு வரும் பொறுப்பையும் ஏற்றவரே ஆவர்.

இயலாமையும் எச்சமும்

ஓர் எதிர்வாதத்தை இங்கு ஆராய வேண்டும். பெருந்துயர்களைக் கண்ட ஒரு நிலத்தில் ஒரு நாயைப் பற்றி இவ்வளவு பேசுதல் அளவு மீறியதாகாதா? அந்நிலத்தின் வரலாறே இதற்கு விடை தருகின்றது.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆம் நாள், இராணுவம் முன்னேறி வந்துகொண்டிருக்க, வலிகாமத்தை விட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் அறிவித்தனர். இலட்சக்கணக்கான மக்கள் அன்றிரவு மழையில், நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நெருக்குண்டு நடந்தனர். முதியோரையும் குழந்தைகளையும் நோயாளரையும் கொண்டுசெல்வதே அரிதாயிருந்த அந்நிலையில் மாடுகள் அவிழ்த்து விடப்பட்டன. நாய்கள் வீடுகளிலேயே விடப்பட்டன. 1996இல் மக்கள் திரும்பி வந்தபோது வீடுகளே அடையாளம் மாறியிருந்தன. அந்த இரவைப் பற்றிப் பேசுகையில், இழந்த உடைமைகளை எண்ணிச் சொல்பவர்கள், நாயை விட்டு வந்ததைச் சொல்லும் இடத்தில் குரல் தாழ்வதுண்டு.

அவர்கள் தவறு செய்தனர் என எவரும் கூறார். தருமனின் வாதமே அவர்களுக்குத் துணை நிற்கும்: இயலாமை கடமையை நிறுத்துகின்றது. எனினும் குரல் ஏன் தாழ்கின்றது? பழிக்கப்படாத செயலும் எச்சமின்றி முடிவதில்லை என்பதே காரணம். நிறைவேற்ற இயலாமற்போன கடமை இல்லாதொழிந்த கடமையாகிவிடாது. அது துயரமாக எஞ்சுகின்றது. அத்துயரம் மடைமையன்று, அங்கே ஓர் உண்மையான உறவு இருந்தது என்பதற்கு அது சான்று. இயலாமையால் விட்டவர்கள் முப்பது ஆண்டுகளாக அதனை மறவாதிருக்கையில், இயன்றும் களைப்பினால் விட்டவர் “கூப்பிட்டு வந்ததில்லையே” என்று ஆறுதல் கொள்வது எவ்வாறு பொருந்தும்? பெருந்துயர் சிறு கடமைகளைச் சிறுமைப்படுத்துவதில்லை. அமைதிக் காலத்தில் அவற்றின் அருமையை அதுவே எடுத்துக்காட்டுகின்றது.

இதன் மறுபக்கத்தைப் பிரெஞ்சு மெய்யியலாளர் இம்மானுவேல் லெவினாஸ் 1975இல் வெளிவந்த சிறு கட்டுரையொன்றிற் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரராகச் சிறைப்பட்ட அவர், ஜேர்மனியில் யூதக் கைதிகள் எழுபது பேர் கொண்ட காட்டுவேலைப் பிரிவொன்றில் இருந்தார். வழியிற் கண்ட மக்கள் அவர்களை மனிதராகவே நோக்கவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு நாய் சில வாரங்கள் அம்முகாமருகே வாழ்ந்து, அவர்கள் வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் துள்ளிக் குதித்து வரவேற்றது. அதற்கு அவர்கள் பொபி என்று பெயரிட்டனர். காவலர் பின்னர் அதனைத் துரத்திவிட்டனர். அந்நாயின் கண்ணில் தாங்கள் மனிதராக இருந்தோம் என்பதை அவர் பல ஆண்டுகளின் பின்னும் நினைவுகூர்ந்தார். அடையாள அட்டையின்றி ஒரு சந்தியைக் கடக்க இயலாதிருந்த காலத்தை அறிந்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மனிதன் மனிதனை ஐயுற்று நிறுத்திய இடங்களில், பெயரும் சான்றும் கேளாமல் ஒருவனை இன்னார் என்று ஏற்றுக்கொண்டது அவன் வீட்டு நாய் மட்டுமாக இருந்திருத்தல் கூடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அழைப்பு இல்லையேற் கடமையும் இல்லை என்னும் வாதம் போதியதன்று என்பது பெறப்படும். தொடக்கத்தில் மறுத்திருக்கக்கூடிய துணையை மறுக்காமல் ஏற்று, அதன் இன்பத்தையும் நுகர்ந்தபின், அழைக்கவில்லை என்று கூறுதல் நாணயமாகாது. அதே வேளையில், எதிர்ப்பட்ட ஒவ்வோர் உயிரையும் முற்றாகப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கடும் விதியும் மனிதனால் இயலாதது. இயலாத விதி இறுதியில் எதனையும் செய்யாதிருப்பதற்கே சாட்டாகிவிடும். எல்லையுடைய, ஆயினும் உண்மையான வழியின் கடப்பாடு இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கின்றது. உடன் நடந்ததை அதன் இடத்திற் சேர்த்துவிட்டுப் பிரிதல் அதன் குறைந்த அளவாகும். இது நாய்க்கு மட்டும் உரியதன்று. பாதி வழியில் ஒருவரைத் தம்மோடு நடக்க விட்டு, வசதியான வண்டி வந்ததும் ஏறிச் செல்லும் வழக்கம் நண்பரிடையிலும், ஆசிரியர் மாணவரிடையிலும், மக்களை வழிநடத்துவோரிடையிலும் காணப்படுவதே.

எடுத்துக்காட்டிற் கூறிய நண்பருள் விடை கூறாதிருந்தவர் சில வாரங்களின் பின் மற்றுமொரு வேலைநாளில் வல்லிபுரத்துக்குச் சென்றார் எனக் கொள்வோம். கோயில் வீதியில் நாய்கள் சில படுத்திருக்கின்றன. அவற்றுள் எது அன்று உடன் வந்தது என்று அவரால் துணிய முடியவில்லை. ஒரு நாள் முழுவதும் உடன் நடந்ததன் முகத்தை அவர் சரியாகப் பார்த்து வைத்திருக்கவில்லை. அது திரும்பி வந்து சேர்ந்ததா என்பதும் அவருக்குத் தெரியவில்லை. தேர்முட்டி நிழலிலிருந்து ஒன்று எழுந்து வாலை ஆட்டியபடி அவரை நோக்கி வருகின்றது. அது பழைய நாயாகவும் இருக்கலாம், புதிதாகவும் இருக்கலாம். எதுவாயினும், அன்று அவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதில் ஐயமில்லை.